பழைய கைப்பேசியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

இம்முறைப் பாடத்திற்கு நம் எல்லாருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கும் பொருளையே எடுத்துக்கொள்வோம். "என் கைப்பேசி வாங்கி ஐந்தாண்டு ஆகிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் மாற்று, மாற்று என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?" இந்தக் கேள்வியை எழுப்பாத குடும்பம் இன்று இல்லை எனலாம். கடைக்காரரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததே. கல்லூரி படிக்கும் பேரனிடம் கேட்டாலும் அதே விடைதான் வரும். நாமே பார்த்து முடிவு செய்வது எப்படி என்பதே இன்றைய பாடம்.

கைப்பேசி என்றதும் சீனா, கொரியா, அமெரிக்கா என்று எண்ணம் ஓடுகிறது. ஆனால் இந்தியாவில் பெருமளவில் கைப்பேசி செய்யத் தொடங்கிய இடங்களுள் ஒன்று திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கிறது. சத்தியவேடு வட்டாரத்தில், தடாவுக்கு அருகே அமைந்த ஸ்ரீசிட்டியைத்தான் சொல்கிறேன். (1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் பல ஆந்திரத்துக்கு வந்தன. சத்தியவேட்டுப் பக்கம் இன்றும் வீடுகளில் தமிழ் ஒலிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.) அந்த ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில் ஷாவ்மி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ரெட்மி 2 பிரைம் என்னும் கைப்பேசி, 2015 ஆகஸ்ட் 10ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் அன்றைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு முன்னிலையில் வெளியிடப்பட்டது. விலை 6,999 ரூபாய். 2017இல் அங்கே இரண்டாவது ஆலை பற்றி அறிவித்தபோது, தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள் என்றும், சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து அவர்கள் வருகிறார்கள் என்றும் நிறுவனம் தெரிவித்தது. ஆகவே அன்று வாங்கிய கைப்பேசி சிலவற்றை நம் வட்டாரத்துப் பெண்களின் கைகளே பூட்டியிருக்கும்.

அந்த ரெட்மி 2 பிரைமையே நம் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 4.7 அங்குலத் திரை, 2 ஜி.பி. நினைவகம், 16 ஜி.பி. சேமிப்பிடம், கழற்றி மாட்டக்கூடிய 2,200 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம், 4ஜி வசதி, ஆண்ட்ராய்டு 4.4 இயங்குதளம். அன்றைக்கு இந்த விலைக்கு இது நல்ல பொருள். நன்றாக வைத்திருந்தவர்கள் வீட்டில் அது இன்றும் விளக்கு எரிந்து, பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கலாம். அப்படியானால் அதை வைத்துக்கொள்ளலாமா? இதற்கு விடை சொல்லுமுன், கைப்பேசிக்கு ஒரு வயது அல்ல, பல வயதுகள் உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உடம்புக்கு ஒரு வயது. உள்ளிருக்கும் மென்பொருளுக்கு வேறொரு வயது. அதோடு பேசும் உலகத்துக்கு இன்னொரு வயது. முதலாவதைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம். இடர் பெரும்பாலும் மற்ற இரண்டிலிருந்தே வருகிறது.

மென்பொருளின் வயதை முதலில் பார்ப்போம். 2015 ஜூலையில், அதாவது நம் ரெட்மி வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன், ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. படமும் ஒலியும் காட்டும் பகுதியில் இருந்த குறை அது. தீய நோக்கத்தோடு தயாரித்த ஒரு எம்.எம்.எஸ். செய்தி வந்தாலே போதும், கைப்பேசிக்கு உரியவர் அதைத் திறக்கக்கூட வேண்டாம், உள்ளே நுழைந்துவிடலாம். ஏறத்தாழ 95 கோடிக் கைப்பேசிகளுக்கு இந்த ஆபத்து இருந்ததாகக் கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டார்கள். இதற்குப் பின்தான், 2015 ஆகஸ்ட் 5ஆம் நாள், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுவோம் என்று கூகுள் அறிவித்தது. சாம்சங்கும் அவ்வாறே சொன்னது.

பாதுகாப்புத் திருத்தம் என்றால் என்ன? ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆடி மாதத்தில் ஆள் ஏறி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு வைப்பார். வீடு பழையதுதான், ஆனால் ஐப்பசி மழைக்கு ஒழுகாது. ஓடு மாற்றுவதை நிறுத்திவிட்டால் மறுநாளே வீடு இடிந்துவிடுவதில்லை. பார்வைக்கு எல்லாம் முன்போலவே இருக்கும். எந்த மழையில், எந்த மூலையில் ஒழுகும் என்று மட்டும் சொல்ல முடியாது. கைப்பேசியில் இன்னொரு சங்கடமும் உண்டு: புதிய கைப்பேசிகளுக்குத் திருத்தம் வெளியாகும்போது, எந்த ஓடு உடைந்திருந்தது என்ற செய்தி திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. திருத்தம் கிடைக்காத பழைய கைப்பேசிகளில் அந்த ஓடு உடைந்தபடியே இருக்கிறது.

எத்தனை ஆண்டுகள் ஓடு மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கூகுள் 2023இல் பிக்சல் 8 கைப்பேசிக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ் 24க்கும் ஏழாண்டு என்று வாக்களித்தன. இவை விலை உயர்ந்தவை. நம்மில் பலர் வாங்கும் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கைப்பேசிகளுக்கு இதைவிடக் குறைவான காலமே கிடைப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: ஒரு மாதிரியின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் திருத்தம் தர வேண்டும், உதிரிப் பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும். ஆகவே விலை மலிவு என்று இரண்டாண்டுக்கு முந்தைய மாதிரியை இப்போது புதிதாக வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பெட்டி பிரிக்காமல் இருந்தாலும், திருத்தக் காலக் கணக்கு அது முதலில் வெளிவந்த நாளிலிருந்தே பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் கைப்பேசியின் மென்பொருள் வயதைத் தெரிந்துகொள்வது எளிது. 'அமைப்புகள்' பகுதியின் அடியில் கைப்பேசியைப் பற்றிய விவரம் என்ற பொருளில் ஓரிடம் இருக்கும். அதனுள் ஆண்ட்ராய்டு எண்ணும், பாதுகாப்புத் திருத்தத்தின் நாளும் தெரியும். அந்த நாள் சென்ற சில மாதங்களுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஓராண்டுக்கு முற்பட்டதாக இருந்தால், 'புதுப்பிப்பு உள்ளதா' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் வரவில்லையென்றால் ஓடு மாற்றுபவர் உங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று பொருள்.

இனி, கைப்பேசியோடு பேசும் உலகத்தின் வயது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐபோன் 5எஸ். 2013இல் வந்த அந்தக் கைப்பேசிக்கு ஆப்பிள் நிறுவனம் 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியது. ஒன்பதாண்டு கழித்தும் பராமரிப்பு! ஆயினும் 2025 மே மாதம் முதல் வாட்ஸ்அப் வேலை செய்ய ஐஓஎஸ் 15.1 வேண்டும் என்றாகிவிட்டது. 5எஸ் அந்த எண்ணை எட்டவே முடியாது. அதுபோல ஆண்ட்ராய்டு 4 வரிசை முழுவதையும் 2025க்குள் வாட்ஸ்அப் கைவிட்டது. வேலூரில் இருக்கும் அக்காவோடும் துபாயில் இருக்கும் மகனோடும் வாட்ஸ்அப்பில் பேசியே பழகிய ஒருவருக்கு, அது நின்றுபோன கைப்பேசி பாதிக் கைப்பேசிதான். வங்கிச் செயலிகளும் இப்படியே அவ்வப்போது தம் வாசற்படியை உயர்த்திக்கொண்டே போகின்றன.

தமிழ் தொடர்பாகவும் சிறு செய்தி ஒன்று. மா, காணி, முந்திரி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019 மார்ச்சில் யூனிகோட் 12.0இல் 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்ற தொகுதியாக இடம்பெற்றன. மொத்தம் 51 குறிகள். எழுத்துருக்கள் இயங்குதளத்தோடு வருபவை ஆதலால், பழைய கைப்பேசியில் இக்குறிகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரியலாம். இதற்காகக் கைப்பேசியை மாற்றச் சொல்ல மாட்டேன். கல்வெட்டு ஆர்வம் உள்ள நண்பர் அனுப்பிய செய்தியில் கட்டம் கட்டமாக வந்தால் பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

தொலைபேசி அலைவரிசையும் மாறுகிறது. ஏர்டெல் நாடு முழுதும் 3ஜி சேவையை 2020இல் நிறுத்தியது. ஜியோ 2016இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். ஆகவே 3ஜியோடு நின்றுவிட்ட கைப்பேசியில் இணையம் என்பது பெயருக்குத்தான். 4ஜி கைப்பேசி வைத்திருப்பவர்கள், 5ஜி வந்துவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கிய பின்னும் 4ஜி நன்றாகவே நடக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் மட்டும் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி மூடப்பட்டது. 4ஜி இருந்தும் அவசர அழைப்புக்கு 3ஜியை நம்பியிருந்த கைப்பேசிகளை அங்குள்ள நிறுவனங்கள் தம் வலையமைப்பில் இணைய விடுவதில்லை. புறப்படுமுன் மகனிடமோ மருமகளிடமோ மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

உடம்பின் வயதுக்கு வருவோம். இதில் மற்றவற்றைவிட முதன்மையானது மின்கலம். லித்தியம் அயனி மின்கலம் நாளடைவில் தேய்ந்தே தீரும். ஏறத்தாழ 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு மிஞ்சும்படி வடிவமைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. புதிய மாதிரிகள் சிலவற்றில் இது 800, 1,000 என்று உயர்ந்திருக்கிறது. ஒரு முழுச் சுற்று என்பது ஒருமுறை செருகுவது அன்று. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால்தான் ஒரு சுற்று. 'முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்வது பழைய நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது. முழுதும் தீர விடுவது அதற்குத் தீங்கே.

இதன் பெரும் பகை வெப்பம். ஆப்பிள் தன் கைப்பேசிகளை 0 முதல் 35 செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் ஊரில் மே மாத நடுப்பகலில் 40ஐத் தாண்டுகிறது! ரேணிகுண்டா நிலையத்துக்கு வெளியே ஆட்டோவின் முன்கண்ணாடியில் வழிகாட்டிப் படத்தோடு கைப்பேசியை மாட்டி, சார்ஜும் போட்டுக்கொண்டு ஓட்டும் இளைஞரின் மின்கலம், வீட்டிலிருக்கும் ஆசிரியையின் மின்கலத்தைவிட எவ்வளவு விரைவில் தளரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். (இந்த லித்தியக் கலங்களைச் செய்யும் ஆலை ஒன்றும் திருப்பதியில் உண்டு. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் அமைத்தது; 2022 செப்டம்பரில் அதன் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. பவர் பேங்குகளுக்கான கலங்கள் அவை.)

மின்கலம் தளர்ந்ததைக் கைப்பேசியே கிழடாகிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உலகறிந்த வழக்கு ஒன்று இதைக் காட்டும். மின்கலம் தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைத் தான் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 'கைப்பேசி மெதுவாகிவிட்டது, புதியது வாங்குவோம்' என்று எண்ணிய எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது புது மின்கலம் மட்டுமே. எதிர்ப்புக் கிளம்பியதால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை இந்தியாவில் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக 2018ஆம் ஆண்டு முழுதும் குறைத்தது. ஆகவே மென்பொருள் வயது இன்னும் மிச்சமிருக்க, மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுவது ஒன்றே குறையென்றால், மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். இயன்றவரை நிறுவனத்தின் சேவை நிலையத்திலேயே மாற்றுங்கள். மின்கலம் உப்பி, திரையோ பின்மூடியோ தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் யோசனைக்கே இடமில்லை. அதை அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். 12,000 ரூபாய்க்கு வாங்கியதை மூன்றாண்டில் மாற்றினால் ஆண்டுக்கு 4,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டுவரை திருத்தம் வரும் என்று தெரிந்து, நடுவில் 1,500 ரூபாய் கொடுத்து மின்கலம் மாற்றி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,700 ரூபாய். நால்வருள்ள வீட்டில் இது ஆண்டுக்கு 5,200 ரூபாய் மிச்சம். ஊருக்கு வீட்டு வாடகையும் பெற்றோருக்கு மருந்துச் செலவும் அனுப்பும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. ஆனால் அதே மிச்சத்துக்காகத் திருத்தம் நின்றுபோன கைப்பேசியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது எனக்கு உடன்பாடு இல்லை. சேமிப்பு ஆயிரங்களில், இழப்பு வந்தால் இலட்சங்களில்.

இங்கே இரு பக்கமும் சொல்லத்தான் வேண்டும். நம்மவர்கள் பணம் இழந்த செய்திகளைக் கூர்ந்து படித்தால், திருடன் பெரும்பாலும் பழைய கைப்பேசியின் ஓட்டை வழியே வரவில்லை; பேசிப் பேசி முன்வாசல் வழியே வந்திருக்கிறான். ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்குவது, போக்குவரத்து அபராதம் என்றோ திருமண அழைப்பிதழ் என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பி நிறுவ வைப்பது என்று வழிகள் பல. இவற்றுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்ப் புதுக் கைப்பேசியும் தடையாகாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகும்.

எனவே என் கருத்து இது. 'எத்தனை ஆண்டு ஆயிற்று' என்று கேட்காமல் 'இது என்ன வேலை செய்கிறது' என்று கேளுங்கள். வங்கி, யூ.பி.ஐ., வருமானவரி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரே கைப்பேசியில் இருந்தால், திருத்தம் நின்ற ஓராண்டுக்குள் அதை மாற்றிவிடுங்கள். உடைப்பதும் தொலைப்பதும் இல்லை என்ற பெருமை அதற்கு ஈடாகாது. வீட்டிலிருக்கும் தாத்தா பேசவும் பக்திப் பாடல் கேட்கவும் மட்டுமே வைத்திருக்கிறார் என்றால் அவருடையதை மாற்ற அவசரமே இல்லை. ஆனால் வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் அட்டை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் வந்து விழும். அப்போது அது பாட்டுப் பெட்டி அன்று, பெட்டகச் சாவி. அந்த சிம்மைச் சாதாரணப் பொத்தான் கைப்பேசியில் போட்டுக் கொடுத்துவிடலாம். அதிலிருந்தும் பணம் அனுப்ப விரும்பினால், இணையம் இல்லாத கைப்பேசிகளுக்கென்று 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யூ.பி.ஐ. 123பே இருக்கிறது. முதியவர்களுக்குப் பழகிய பொத்தான், பழகிய இடம் என்பது பெரிய வசதி. தீபாவளிக்கு வந்த மகன் இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போய்விட, அப்பா ஒரு அழைப்பை எடுக்கத் தெரியாமல் ஒரு மாதம் திண்டாடுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

புதியது வாங்கினாலும் பழையதை அன்றே கைவிட வேண்டாம். வங்கிச் செயலிகள், வாட்ஸ்அப் உரையாடல், படங்கள், தொடர்பு எண்கள் அனைத்தும் புதியதில் வந்துவிட்டனவா என்று ஒரு வாரம் சரிபாருங்கள். பழையதை வாங்குபவராக நீங்கள் இருந்தால், *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சோதித்தால் திருட்டுப் பொருளா என்று தெரிய வாய்ப்புண்டு.

கொடுப்பவராக இருந்தால் அழித்துவிட்டுக் கொடுங்கள். இதில் ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 2024இல் திருப்போரூர் கந்தசுவாமி கோயில் உண்டியலில் பக்தர் ஒருவரின் ஐபோன் தவறி விழுந்துவிட்டது. உண்டியலில் விழுந்தது கோயிலுக்கே சொந்தம் என்று அறநிலையத் துறை கூறியது. 1975ஆம் ஆண்டின் உண்டியல் விதிகள் அப்படி. வேண்டுமானால் அதிலுள்ள தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கைப்பேசி வேறு, அதனுள் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நம் திருமலையிலும் காணிக்கையாக வந்த கைப்பேசிகளைப் புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு பழுதானவை என்று பிரித்துத் தேவஸ்தானம் மின்-ஏலத்தில் விடுகிறது. யார் கைக்கு எந்தக் கைப்பேசி போகும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம். ஆகவே காணிக்கையானாலும், கடையில் மாற்றானாலும், பணிப்பெண்ணின் மகளுக்குப் படிக்கக் கொடுத்தாலும், முதலில் சிம்மையும் நினைவட்டையையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு 'தொழிற்சாலை மீட்டமைப்பு' செய்ய வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறாமல் மீட்டமைத்தால் புதியவர் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்ளக்கூடும். நம் ரெட்மி 2 பிரைம் காலத்துக் கைப்பேசிகள் உள்ளிருப்பதை இயல்பாகக் குறியாக்கம் செய்து வைத்ததில்லை. அழித்த பின்னும் தோண்டி எடுக்க வழியுண்டு. அவற்றில் பாதுகாப்புப் பகுதிக்குள் சென்று முதலில் குறியாக்கம் செய்துவிட்டு, அதன் பின் மீட்டமைப்பதே முறை.

பயிற்சி: வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள கைப்பேசிகளையெல்லாம் மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றின் மாதிரிப் பெயர், வாங்கிய ஆண்டு, பாதுகாப்புத் திருத்தத்தின் நாள், எந்த வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் அதில் இருக்கிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், தமிழிலேயே எழுதட்டும். தாத்தா பாட்டியின் கைப்பேசியிலிருந்து தொடங்குங்கள்.